முட்டை வடிவத்தில் ஒரு வெளிச்சம்

"உங்ககிட்ட ஒண்ணை மறைக்காமச் சொல்லிப் போடறனுங்க. நான் பறக்கும் தட்டைப் பார்த்திருக்கறேன்."

பெண் பார்க்க வந்த இடத்தில் எந்த மாப்பிள்ளையும் இப்படி ஆரம்பிக்க மாட்டான். ஆனால் விமானப்படையில் போர் விமானம் ஓட்டும் தீனதயாளனுக்குப் பொய் வராது. 'தனியாப் பேசிக்குங்க' என்று மல்லசமுத்திரத்துப் பெண் வீட்டார் மொட்டை மாடிக்கு அனுப்பியதும், முதல் வேலையாகப் போட்டு உடைத்தான்.

சண்முகப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். "எங்க பாத்தீங்க?"

"மோகனூருக்கு நேர் மேல. போன தை மாசம், ராத்திரிப் பயிற்சிக்குப் போயிருந்தேன். திடீர்னு பக்கத்துல முட்டை வடிவத்துல ஒரு வெளிச்சம். நான் திரும்பினா அதுவும் திரும்புது. வேகத்தைக் கூட்டினா அதுவும் கூட்டுது. ரெண்டு நிமிசம் கூடவே வந்துட்டு, செங்குத்தா மேல ஏறி மறைஞ்சு போச்சுங்க."

"ஆபீசர்கிட்டச் சொல்லலீங்களா?"

"எழுதியே குடுத்தேன். 'நாமக்கல் மேல முட்டை பறக்காம வேற என்னய்யா பறக்கும்'னு சிரிச்சாங்க. கண் டாக்டர் பார்த்தாரு, மனநல டாக்டர் பார்த்தாரு. ஒரு குறையும் இல்லைன்னுட்டாங்க. ஆனா இதைச் சொன்ன மூணு ஊட்லயும் பொண்ணு குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

அடுத்த 'மாட்டேன்' எப்போது வரும் என்று தலைகுனிந்து நின்றான்.

அவள் படிக்கட்டை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"நான் அதுக்குள்ளயே போயிருக்கறனுங்க."

"எதுக்குள்ள?"

"அந்த முட்டைக்குள்ளதான். எங்க கோழிப்பண்ணைக்குப் பின்னால வந்து எறங்குச்சு. உள்ள பச்சைப் பச்சையா நாலு பேரு. தங்கமான மனுசங்க. அமாவாசைக்கு அமாவாசை வந்து கூட்டிட்டுப் போவாங்க. கண்ணாலத்துக்கு அப்புறமும் நான் போயித்தான் ஆவோணும். உங்களுக்குச் சம்மதமுங்களா?"

பச்சை மனிதர்களை அவன் பார்த்ததில்லைதான். தான் பார்க்கவில்லை என்பதற்காக ஒருத்தி சொல்வதைப் பொய் என்றுவிடலாமா? எல்லாரும் அவனிடம் அதைத்தானே செய்தார்கள்! அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே இறங்கினான். "அப்பா, இந்தப் பொண்ணுதான். இந்த மாசமே நாள் குறிச்சுப் போடுங்க!"

அவன் அப்பா தங்கசாமி கடித்த பஜ்ஜியை விழுங்க மறந்து எழுந்தார். பெண்ணின் அப்பா பாய்ந்து வந்து சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கூடத்தில் பெரியவர்கள் காலண்டரைத் தேடிக்கொண்டிருக்க, தீனதயாளன் முகம் கழுவக் கொல்லைப்புறக் குழாயடிக்குப் போனான். மாடியிலிருந்து போன் பேசும் குரல் கேட்டது.

"ரமேசு, மோசம் போயிட்டேன்டா! முந்தி வந்தவனுங்க எல்லாம் எனக்குப் பேய் புடிச்சிருக்குதுன்னு சொன்னதுமே ஓடிட்டானுங்க. இவனைத் தொரத்தி உடறதுக்கு நான் ஆகாசத்துக்கே போயிட்டு வந்தேன்... நாள் குறிக்கச் சொல்றான்டா!"