கோட்டின் மேல் ஏழு புள்ளிகள்

கரும்பலகையில் கிலிம் பாவ்லவிச் விரல் வைத்த புள்ளி ஸினாய்தா ல்வோவ்னாவுடையது.

கோட்டின் மேல் அச்சாக உட்கார்ந்திருந்தது.

லெனின்கிராட் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஏழு ஊர்க்காரர்கள். கொதிக்கும் வாயுவான பிளாஸ்மாவை அடைத்துவைக்கும் ஏழு பொறிகள், ஏழு புள்ளிகள். பொறியைப் பெரிதாக்கினால் பிளாஸ்மா எவ்வளவு நேரம் சூடு ஆறாமல் இருக்கும் என்று கிலிமின் சூத்திரப்படி சொல்வது அந்தக் கோடு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் இவர்கள் பிழைப்பே.

அதை நம்பித்தான் இதுவரை யாரும் கட்டாத பெரிய பொறிக்குத் திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்டப்போகிறார்கள்.

"இப்படிப் புள்ளி வெச்ச கைக்கு முத்தம் குடுக்கணும்" என்றார் கிலிம்.

"மொதல்ல அவங்க வீட்டுக்காரரைக் கேட்டுக்குங்க" என்றது பின்வரிசை. எல்லோரும் சிரித்தார்கள்.

ஸினாய்தா சிரிக்கவில்லை.

போன குளிர்காலத்தில் அவள் பொறியின் கம்பிச்சுருள் எரிந்துபோனது. மேலிடத்துப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மொத்தமும் திரும்பி வந்துவிடும். அதனால் கிலிமின் சூத்திரத்திலேயே கணக்குப் போட்டு ஓர் எண்ணைப் பென்சிலில் எழுதிவைத்தாள், அளந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்று. தட்டச்சுக்காரி அதை அப்படியே அடித்து அனுப்பிவிட்டாள். சுருள் சரியாவதற்குள் பாராட்டுக் கடிதம் வந்துவிட்டது. புதிய ஆய்வகம் ஒன்றையும் அவளுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள்.

சொன்னால் ஆய்வகம் போச்சு. சொல்லாவிட்டால் அவள் பொய்யை நம்பிப் பள்ளம் தோண்டுவார்கள்.

எழுந்தாள்.

"அது அளந்ததில்லை, கிலிம் பாவ்லவிச். உங்க சூத்திரத்துல போட்டு எடுத்தது. அழிச்சிடுங்க."

கிலிம் ஈரத்துணியை எடுத்து அந்தப் புள்ளியைத் துடைத்தார்.

துடைத்து முடிப்பதற்குள் முன்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. எழுந்தவர் நாஸர் இல்யிச், இன்னொரு பொறிக்குப் பொறுப்பாளர்.

"கையோட கையா எங்களோடதையும் துடைச்சிடுங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார். அப்புறம் இன்னும் இருவர். எல்லோருக்கும் அதே படிவம்தானே வந்திருந்தது.

தேநீர் வந்தபோது பலகையில் இரண்டு புள்ளிகள் மிஞ்சியிருந்தன. கோடு இரண்டின் வழியாகவும் பிசகாமல் போயிற்று. இரண்டே புள்ளி என்றால் எந்தக் கோடுதான் போகாது?

அதில் ஒன்று கிலிமுடையது. சூத்திரமே அதிலிருந்துதான் பிறந்தது.

எல்லோரும் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கிலிம் மட்டும் தன் புள்ளியைப் பார்த்தபடி, துணியை இன்னும் கீழே வைக்கவில்லை.