முன்னால் போகிறவன்

ஏழாவது தடவையாகக் காத்திருக்கிறான்.

சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்து வைத்தான். பாட்டிலில் பாதித் தண்ணீரைக் குடித்தான். மீதியை முகத்தில் அடித்துக்கொண்டான். கல்லில் உட்கார்ந்து காலை நீட்டினான்.

வந்த வழியில் ஒருவரும் இல்லை.

சாலையின் இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். பந்தல்களுக்கு அப்பால் முல்லைப் பெரியாறு. நின்று பார்க்க வேண்டிய இடம்தான். அவன் வாட்சைப் பார்த்தான்.

பதினொன்று ஐந்து.

பன்னிரண்டு மணிக்கு ஒயின் ஃபேக்டரியில் இருக்க வேண்டும். தாமதமானால் கேட்டைச் சாத்திவிடுவார்கள் என்று டூர்காரர் மூன்று தடவை சொல்லியிருந்தார்.

அது கிடக்கட்டும். திங்கட்கிழமைதான் முக்கியம்.

திங்கட்கிழமை குடும்ப நல கோர்ட். ஆறு மாத அவகாசம் முடிகிறது. பிரிவதில் சம்மதமா என்று ஜட்ஜ் கேட்பார். இரண்டு பேரும் ஆமாம் என்றால், எட்டு வருடம் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

சங்கரி ஆமாம் என்றால் அவனும் சொல்லியாக வேண்டும். அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தான். கொடுத்த நாளிலிருந்து சரியான தூக்கமில்லை.

கோர்ட் கவுன்சலர் அம்மாள்தான் கடைசி வழி ஒன்று சொன்னார். நாலு நாள் எங்காவது சேர்ந்து போய்விட்டு வாருங்கள். அன்றைக்கே கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிள் டூர் புக் செய்துவிட்டான். அவன் ஞாயிறு தவறாமல் மகாபலிபுரம் வரை மிதிப்பவன். அவள் சைக்கிளைத் தொட்டது காலேஜோடு சரி.

அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள்.

சாலைக் கோடியில் மஞ்சள் ஹெல்மெட்.

வருகிறாள். ஒவ்வொரு மிதிக்கும் தோள் இரண்டும் ஏறி இறங்குகின்றன.

அவன் எழுந்தான். சைக்கிளில் ஏறி ஒரு காலை ஊன்றித் தயாராக நின்றான். தன்னால் ஒரு நொடிகூட வீணாகக் கூடாது.

அவள் மரத்தடிக்கு வந்து பிரேக் பிடித்தாள். அவன் தலையசைத்துச் சிரித்தான்.

கிளம்பிவிட்டான்.

ஏழு தடவை. ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. வேறு எவன் இப்படிக் காத்திருப்பான்? இதையெல்லாம் அவள் எங்கே கவனிக்கப்போகிறாள்?

எட்டாவது தடவை, ஃபேக்டரி வாசலில் காத்திருந்தான்.

பத்து நிமிடம். இருபது.

போன் அடித்தான். மணி அடித்து ஓய்ந்தது. வாட்ச்மேன் இவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டைச் சாத்தினார்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. வேண்டுமென்றே செய்கிறாள். சைக்கிளை ஒரு உதை உதைக்கலாம் போலிருந்தது.

அப்புறம் செங்கல் லாரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போனது. அது வந்த பக்கத்தில்தான் அவள் இருக்கிறாள்.

சைக்கிளைத் திருப்பினான்.

வரும்போது இறக்கமாக இருந்ததெல்லாம் இப்போது ஏற்றம். மூன்று கிலோமீட்டர். எங்கும் நிற்கவில்லை. சாலையோரப் பள்ளம் ஒவ்வொன்றிலும் மஞ்சள் நிறத்தைத் தேடினான்.

ஒரு பந்தல் காலில் ஹெல்மெட் தொங்கியது.

உள்ளே நிழல். பழம் வெட்டும் பெண்களுக்கு நடுவில் சங்கரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கொத்துத் திராட்சை. யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அவளும்தான்.

அவன் சைக்கிளைக் கீழே போட்டான். திட்டுவதற்குக்கூட மூச்சில்லை. காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதில் விழுந்தான்.

அவனைப் பார்த்ததும் சங்கரி எழுந்தாள். விதையைத் துப்பினாள். ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா? நான் போறேன். மெதுவா வாங்க."

கேலியா என்று முகத்தைப் பார்த்தான். கேலி இல்லை. நன்றாக ஓய்வெடுத்த முகம்.

அவன் கையைத் தூக்கி, ஒரு நிமிடம் என்று காட்டுவதற்குள் சாலைக்குப் போய்விட்டாள். ஃபேக்டரி பக்கம். இறக்கத்தில்.

அந்தப் பெண்களில் ஒருத்தி, இடுப்பில் கத்தரிக்கோல் செருகியிருந்த பேச்சியம்மா, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்ன தம்பி, இந்த எரைப்பு எரைக்குது? அந்தப் புள்ளயும் இப்பிடித்தேன் வந்து விழுந்துச்சு. முன்னால ஒருத்தரு போயி நல்லா ஒக்காந்து ஆத்திக்கிட்டு இருப்பாராம். இது போய்ச் சேந்ததும் எந்திரிச்சுக் கெளம்பிருவாராம். காலையிலருந்து ஒரு எடத்துல ஒக்கார விடலயாம். இனி அந்தாளு பின்னால என்னால ஓட முடியாதுக்கான்னு ஒரே அழுக. இப்பத்தேன் சிரிக்க வச்சோம்."

அவன் செம்பை வாயருகே வைத்தபடியே இருந்தான்.

"நீங்க வீட்டுக்காரர்தான? டூரு கூட்டியாந்த ஆளா அவரு? பாத்தா நாலு கேள்வி கேட்டு விடுங்க தம்பி."

குடிக்காமலே செம்பைத் திருப்பிக் கொடுத்தான்.

எழுந்தான். இரண்டாவது முயற்சியில்தான் சைக்கிளில் ஏற முடிந்தது.

முதல் திருப்பத்தில் அவள் அவனுக்காக நிற்கவில்லை.

இரண்டாவது திருப்பம் வரை சமதரை; மிதிக்கத் தெம்பில்லை.

மிதித்தான்.