கொய்யாவின் குறுக்குவெட்டு

“முட்டி ரெண்டும் கழண்டு விழுற மாதிரி வலிக்குது. இருந்தாலும் படத்தப் பாக்காம நவுர மாட்டேன் லா” என்றாள் கலாதேவி.

“உக்காருங்கக்கா. மிசின் இன்னும் முடிக்கல” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் புனிதா. மலேசியாவின் ஈப்போ நகரில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் கருவியை இயக்குபவள் அவள்தான். அவளுடைய ஆராய்ச்சிக்குக் கொய்யா தேவைப்பட்டது. கலாதேவிக்கு ஒரு படம் தேவைப்பட்டது.

சுங்காய் ஊரில், பழைய ரப்பர் தோட்டத்துக்கும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கும் நடுவே கலாதேவியின் கொய்யாத் தோப்பு. செம்பனை எஸ்டேட்டில் கூலிக்கு முதுகொடிந்த காசில் வளர்த்த மரங்கள். போன வாரம் மொத்த வியாபாரி லாரியோடு பழங்களைத் திருப்பி அனுப்பிவிட்டான். பழத்தில் புழுக்கொல்லி மருந்து இருக்கிறதாம். இன்னொரு தடவை இருந்தால் அவள் தோப்புப் பக்கமே லாரி வராதாம்.

“பிஞ்சிலேயே ஒவ்வொண்ணுக்கும் பிளாஸ்டிக் பை கட்டுறவ நான். காய் மேல ஒரு சொட்டு மருந்து பட்டதில்ல. எவன் வந்து கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்.”

“அப்புறம் எப்படிக்கா வந்திச்சு?”

“ஜெயபாலன்! பக்கத்து செம்பனைத் தோட்டத்துல மருந்தடிக்கிறவன். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னுகூட பாக்காம பம்பத் தூக்கிருவான். பை வாயி வழியா உள்ள போயிருக்கு. கோயில் திருவிழாப் பந்தியிலயே வச்சுக் கேட்டேன்ல. ‘எங்க சோத்துல விஷத்தப் போட்டுட்டு இங்க வந்து பாயசம் குடிக்கிறியாடா’ன்னு.”

“ஐயோ! அவரு என்ன சொன்னாரு?”

“என்னத்த சொல்றது? பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிட்டான். அன்னிலேருந்து அவன யாரும் வேலைக்குக் கூப்பிடல. குத்தமுள்ளவன் படட்டும் லா.”

புனிதா திரையைப் பார்த்தாள்.

“இது என்னதான் பண்ணுது, சொல்லேன்” என்றாள் கலாதேவி.

“பழத்த உறைய வச்சு, மயிரிழையவிட மெல்லிசா சீவியிருக்கேன். மிசின் அதுல புள்ளி புள்ளியா ஒளியடிச்சு, மருந்து எங்க இருக்குன்னு தேடும். இருக்கற எடம் சிவப்பு. இல்லாத எடம் நீலம்.”

“தோலு சிவப்பா இருந்தா?”

“வெளிய இருந்து வந்தது.”

“அது போதும். பெருசா ஒரு படம் அடிச்சுக் குடு. ஜெயபாலன் மூஞ்சிக்கு நேரா விரிச்சுக் காட்டுறேன்.”

திரையில் வரி வரியாக ஒரு வட்டம் நிரம்பிக்கொண்டு வந்தது. கலாதேவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். தோல் முழுக்க நீலம். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

“இது வேற யாரு பழமாவது இருக்கும்!”

“உங்க பழந்தான்கா. நடுவுல பாருங்க.”

காம்பிலிருந்து சிவப்பு இறங்கியிருந்தது. கிளை பிரிந்து, சதைக்குள் நுழைந்து, விதைகளைச் சுற்றிப் படர்ந்திருந்தது.

“காத்துல வந்திருந்தா தோல்லதான் நிக்கும். இது மரத்துக்குள்ள ஏறி, காம்பு வழியா பழத்துக்கு வந்திருக்கு” என்றாள் புனிதா. “பம்புல வந்ததில்ல.”

“மிசின் பொய் சொல்லுது.”

“மூணு பழம் வச்சேன்கா. மூணும் இப்படித்தான்.” புனிதா குரலைத் தாழ்த்தினாள். “செம்பனைக்கு அடிமரத்துல துளை போட்டு மருந்து ஊத்துவாங்களே, அந்த மாதிரி யாரோ செஞ்சிருக்காங்க. உங்களுக்கு ஆகாதவங்க யாராச்சும் தோப்புக்குள்ள வந்தாங்களா? போலிசுல சொல்லலாம். இந்தப் படமே போதும்.”

கலாதேவி அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். குரலை மட்டும் இறக்கவில்லை.

“போலிசு எதுக்கு? துளை போட்டவ நான்தான். காய் மேல மருந்து படக்கூடாதேன்னு, எஸ்டேட்டுல பழகுன மாதிரி அடிமரத்துல ஊத்தி, களிமண்ணு வச்சு அடச்சேன். இலையில இருக்கற புழுவக் கொன்னுட்டு அதோட நின்னுரும்னு நெனச்சேன் லா. நீ படத்த அடி. வியாபாரி போனா போறான், ஜெயபாலனுக்கு ஊரு முன்னால ஒரு மன்னிப்பு பாக்கி.”