நாணல்குருவியின் ஜோடி

அந்த அபூர்வக் குருவி வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, அரைக்கால் சட்டையோடு நாணல் புதருக்குள் குந்தியிருந்தது. எடை எண்பது கிலோ. உறவுமுறையில் சரணாலயக் காவலருக்கு மச்சினன்.

"மாமா, முட்டி வலிக்குது."

"குருவிக்கு ஏதுடா முட்டி? நான் இருமினா கூவு. போதும்."

நிஜக் குருவி பெயர்ப்பலகையில் இருந்தது, நுழைவுச்சீட்டில் இருந்தது. ஏரியில் மட்டும் மூன்று வருடமாக இல்லை. படகேறித் தங்களையே படம் எடுத்துக்கொண்டு போகிற கூட்டத்துக்கு அந்தக் குறை தெரியவே இல்லை. இன்று வந்த மேலதிகாரிக்குத் தெரியாமல் போகுமா? கூவலாவது அவர் காதில் விழ வேண்டும். இல்லையென்றால் சரணாலயத்துக்குப் பூட்டு. காவலருக்கு வேலையும் போச்சு, குடியிருக்கும் வீடும் போச்சு.

அதிகாரி காலி ஜீப்பின் மேல் சாய்ந்து நின்றார். "என் பொறுப்புல நாலு சரணாலயம் இருந்துச்சு. மூணுக்குப் பூட்டுப் போட்டாச்சு. இதுதான் மிச்சம்."

புண்ணியவான், சாவியைப் பையிலேயே வைத்திருப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் காவலர். "கண்காணிப்புக் கோபுரத்துல ஏறிப் பார்ப்போம் சார். டிரைவரையும் கூப்பிடுங்க."

"அவனுக்கு வயிறு சரியில்லை. எங்கேயோ ஒதுங்கியிருக்கான்."

கோபுரத்தில் ஏறியதும் காவலர் இருமினார். புதர் கூவியது. சளி பிடித்த விசில் தேவலை! இத்தனைக்கும் ஒரு வாரப் பயிற்சி. மானம் கப்பலேறியது என்று காவலர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது எதிர்க்கரையிலிருந்து பதில் கூவல் வந்தது.

"அட, ஜோடி!" என்றார் அதிகாரி.

காவலருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருடம் எட்டிப் பார்க்காத குருவி, போயும் போயும் மச்சினன் குரலுக்கா மயங்கி வரவேண்டும்? உற்சாகத்தில் இன்னும் நாலு முறை இருமினார். நாலு முறையும் அக்கரை சளைக்காமல் பதில் சொன்னது.

அதிகாரி அங்கேயே எழுதினார்: 'ஒரு ஜோடி உறுதி. இனம் பெருக வாய்ப்பு உண்டு. சரணாலயம் தொடரலாம்.' கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி, தாளைக் காவலரிடம் நீட்டினார்.

"உங்க ஆளை வெளிய வரச் சொல்லுங்க, அக்கரையில என் டிரைவருக்கும் தொண்டை வத்திப் போயிருக்கும்."