‘விதர்’

“‘விதர்’னா என்னன்னு கேட்டேன். வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?”

நிரஞ்சன் பேனாவால் மேசையைத் தட்டினான். எதிரே கிருஷாந்தி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

லிந்துலைச் சாலையோரம் அன்ஸார் திறந்திருக்கும் தேயிலைக் கடைக்கு, தூள் தயாராகும் விதத்தை வெள்ளைக்காரப் பயணிகளுக்கு ஆங்கிலத்தில் விளக்க ஆள் வேண்டும். அந்த வேலை கிடைத்தால் கிருஷாந்தி நாளையிலிருந்து கொழுந்துக்கூடையைத் தூக்க வேண்டியதில்லை. கேள்வி கேட்பது மனேஜர் நிரஞ்சன். முதலாளி அன்ஸார் பக்கத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“வாடுறது, சார்.”

“இங்கிலீஷ் வாக்கியத்துல வச்சுச் சொல்லு.”

“வீ விதர் த லீஃப், சார்.”

நிரஞ்சன் சிரித்தான். “பூ விதர் ஆகும், செடி விதர் ஆகும். நீ எப்படி விதர் பண்ணுவ? வெள்ளைக்காரன் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பான்.”

“ஃபெக்டரியில அப்படித்தானே சொல்றாங்க?” என்றார் அன்ஸார்.

“ஃபெக்டரியில பேசுறதெல்லாம் இங்கிலீஷா, முதலாளி? நான் கண்டியில படிச்சவன். இதக் கேட்டா காது கூசுது.”

சொல்லிவிட்டுக் கழுத்துப்பட்டியை இறுக்கிக்கொண்டான். அடைமழையிலும் அவன் அதைக் கழற்றியதில்லை.

கிருஷாந்தி கையைப் பொத்திக் காட்டினாள். “வாட்டுன கொழுந்த இப்படி அமுக்கி விட்டா, உருண்டையா நிக்கணும் சார். வர்றவங்க கையிலயே குடுத்து, அமுக்கிப் பாக்கச் சொல்லுவேன்.”

“இந்த வித்தையெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?”

“எங்கப்பா. ஃபெக்டரி மாடியில கொழுந்து வாட்டுனவரு.”

“கேட்டீங்களா முதலாளி? வாட்டுற கூலிக்காரன்கிட்ட இங்கிலீஷ் படிச்சிட்டு வந்திருக்கு! தோட்டத்து லயத்துல கெடக்குற சனத்த உள்ள விட்டா கடை பேரே நாறிடும்.”

அன்ஸார் கோப்பையைக் கீழே வைத்தார். “புள்ள நல்லாத்தானே பேசுது. ஏன் இப்படி எரிஞ்சு விழுறீங்க? முன்னாடியே தெரிஞ்ச புள்ளையா?”

“இவளா? லயத்துப் பக்கம் நான் மழைக்குக்கூட ஒதுங்கினதில்ல.” அவள் பக்கம் திரும்பாமலே கையை வீசினான். “நீ போகலாம்.”

கிருஷாந்தி எழுந்தாள். கதவுவரை போனவள், நின்று நிரஞ்சனைப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமை நம்ம அப்பாவுக்குத் தெவசம்ணே. இந்த வருசமாவது வந்து கும்பிட்டுட்டுப் போகச் சொல்லுச்சு அம்மா.”