கண்ணாடியில் ஒரு கோடு

"கையை எடுடி!"

பூமா மகளின் விரலைத் தட்டிவிட்டாள். தூக்கிப் பிடித்திருந்த கண்ணாடி மூக்கில் சரிந்து இறங்கியது. ஸிந்துஜா மடியிலிருந்த கதைப் புத்தகத்தை மூடி வைத்தாள்.

கண் டாக்டரிடம் காத்திருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டோக்கன் எழுதிக்கொண்டிருந்த கலாவதிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாம்மா, கொழந்தையப் போயி அடிக்கிற?"

"பின்னே என்ன பண்றது? புஸ்தகத்தைத் திறந்தா போதும், கண்ணாடியைத் தூக்கிப் பிடிச்சுக்கறா. டீச்சரும் சொல்லி அலுத்துப் போயிட்டா. நாலாவது படிக்கறா, இன்னும் இந்தக் கெட்ட பழக்கம் போகலை."

"எங்க வூட்லயும் ஒண்ணு இருக்குது, எந்நேரமும் நகத்தைக் கடிச்சிக்கினு. அடிச்சா வுட்ருமா?"

பக்கத்தில் ஸிந்துஜாவின் அப்பா முரளீதரன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடது கண்ணில் பார்வை கிடையாது. சின்ன வயதிலிருந்து பவர் ஏறிக்கொண்டே போய், முப்பத்திரண்டாவது வயதில் விழித்திரை கிழிந்துவிட்டது. மகளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பவர் ஏற ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு அந்த ஒரே பயம்தான்.

போன வருஷம் டாக்டர் உமாபதி ஒரு யோசனை சொன்னார். மேல்பாதியில் தூரத்துக்கு ஒரு பவர், கீழ்பாதியில் படிப்பதற்கு ஒரு பவர். இடையில் குறுக்கே ஒரு கோடு. வயதானவர்கள் போட்டுக்கொள்ளும் அதே மாதிரிக் கண்ணாடி.

"சில குழந்தைங்களுக்கு பவர் ஏறுற வேகம் குறையுது. எல்லாருக்கும் கேட்கும்னு சொல்ல மாட்டேன். போட்டுப் பார்க்கலாம்" என்றார்.

போட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சோதித்து முடித்து, பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணே கால் ஏறியிருக்கு. வேகம் கொஞ்சம்கூடக் குறையலையே."

முரளீதரன் மகள் பக்கம் திரும்பினார். "கீழ்பாதி வழியாத்தானேம்மா படிக்கறே?"

தலையாட்டினாள்.

"எங்கே படிக்கறா? சதா கையும் கண்ணாடியுமா உட்கார்ந்திருக்கா" என்றாள் பூமா.

டாக்டர் ஒரு புத்தகத்தை நீட்டினார். "படி, பார்ப்போம்."

ஸிந்துஜாவின் விரல் தானாகக் கண்ணாடிக்குப் போனது.

"பார்த்தேளா!"

"இருங்கம்மா." டாக்டர் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். "கையை எடுத்துட்டுப் படி... ம். இப்போ தூக்கிட்டுப் படி."

நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"குழந்தைங்களுக்குக் கோடு கண்மணியோட கீழ் விளிம்புகிட்ட வரணும். சீட்டுல படமே வரைஞ்சு கொடுத்தேன். இது ஃப்ரேமுக்கு அடியில கிடக்குது. தூக்கிப் பிடிச்சாத்தான் இவளுக்குக் கீழ்பாதி எட்டும். நான் சொன்னபடி படிக்கணும்னுதான் தூக்கியிருக்கா. இதுக்கா அடிச்சீங்க?"

பூமா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"சரியாப் போட்டிருந்தா குறைஞ்சிருக்குமான்னு எனக்கும் தெரியாது சார். ஆனா போட்டே பார்க்கலையே. ஒரு வருஷம் போச்சு. ஏறினது இனிமே இறங்காது. எந்தக் கடையில செஞ்சீங்க?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, ராமலிங்கம் கடை. எனக்கு அன்னிக்குப் பரீட்சை ட்யூட்டி. இவதான் குழந்தையை அழைச்சுண்டு போனா" என்றார் முரளீதரன்.

டாக்டர் போனைத் தன் பக்கம் இழுத்தார். "அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டாத்தான் சரிப்படும்."

அவர் மூன்று எண்களைச் சுழற்றியிருப்பார்.

"கடைக்கார மாமா தப்புப் பண்ணலை. நான்தான் கோட்டைக் கீழே தள்ளிப் போடச் சொன்னேன்."

ஸிந்துஜாதான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீயா? ஏன்?"

"மேலே இருந்தா எல்லாருக்கும் தெரியும். கருட சேவைக்குப் போனா, வரவாள்லாம் கிழவிக் கண்ணாடின்னு கேலி பண்ணுவா."

"நீ சொன்னா அவர் உடனே கேட்டுக்கிட்டாரா?"

கொஞ்சம் யோசித்தாள்.

"அழுதேன்."

டாக்டர் ரிசீவரை வைத்துவிட்டார். முரளீதரன் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உன் கண்ணை நீயே கெடுத்துண்டுட்டியேடி" என்றார். திட்டுகிற குரலாக அது வரவில்லை.

"இத்தனூண்டு பொண்ணுக்கு என்ன அழகு வேண்டியிருக்கு, பாருங்கோ!" என்றாள் பூமா.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. முரளீதரன் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு ஆட்டோ பார்க்கப் போனார். படியோரம் அம்மாவும் பெண்ணும் மட்டும் நின்றார்கள்.

பூமா குனிந்தாள். "ஏண்டி அப்படிச் சொன்னே?"

"நீதானேம்மா அன்னிக்குக் கடையிலேருந்து வரச்சே சொன்னே? கோட்டைக் கீழே போடச் சொன்னது அம்மான்னு அப்பாவுக்குத் தெரியவே கூடாதுன்னு."

பூமா ஆட்டோ வருகிறதா என்று தெருவைப் பார்த்தாள்.

ஸிந்துஜா புதிய சீட்டைப் பிரித்தாள். டாக்டர் இந்த முறை படத்தைப் பெரிதாக வரைந்து, கோட்டைச் சிவப்பு மையில் போட்டிருந்தார். கண்ணாடியை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கீழேயே போடச் சொல்லி இந்தத் தடவை நானே கேட்டுடறேம்மா. நீ கேட்க வேண்டாம்."