செவலைக்குத் தெரிந்த இங்கிலீஷ்

மாடு வாய் திறந்து பேசினால் யாரும் திடுக்கிடாத காலம் அது. டீக்கடைப் பிச்சாண்டி வளர்த்த செவலைப் பசுவுக்கு ஒரே ஓர் இங்கிலீஷ் வார்த்தைதான் தெரியும்.

வைக்கோல் குறைந்த அன்று அவர், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ தாயி" என்றார். அரைவயிறுதான் என்று செவலை புரிந்துகொண்டது. கொட்டிலில் பாதி இடத்தில் விறகை அடுக்கியபோதும் அதையே சொன்னார். சரி, நின்றுகொண்டே தூங்கச் சொல்கிறார். இன்றைக்கோ, மடியை முட்டிப் பால் சுரக்கவைத்த கன்றை இரண்டு வாய் குடிப்பதற்குள் இழுத்துக் கட்டிவிட்டு, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோடா" என்றார்.

"அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டது, விலா எலும்பு தெரிந்த கன்று.

செவலை பாலை மடிக்குள்ளேயே எக்கிக்கொண்டது. பிச்சாண்டி இழுத்தார், பிசைந்தார். சொம்பில் ஒரு சொட்டு விழவில்லை.

"என்னடி இது? கடையில ஆள் காத்துக் கெடக்கு!"

"அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க, முதலாளி."

"அப்படின்னா?" என்றார் பிச்சாண்டி.

செவலை கன்றையே பார்த்தது. அவர் சொம்பைக் கீழே வைத்தார். எழுந்துபோய்க் கன்றின் முடிச்சை அவிழ்த்தார்.